காரைக்குப் போகிறவர் சுருளைக் கடைசியில் பாருங்கள்

ஸ்ரீரங்கத்தில் சேவித்து, மலைக்கோட்டை ஏறி இறங்கியதும் திருச்சியைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள். மலைக்கோட்டை பூமிக்கு அடியில் வெந்து இறுகிய பாறை; அதில் கடலுயிரின் புதைபடிவம் எதுவும் அகப்படாது. கடல் இருந்த இடம் வடக்கே. சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டிப் பாடாலூரில் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர், காரைப் பக்கம். பேருந்தை நம்பினால் பாதி நாள் போய்விடும், கார் எடுங்கள். காலையிலேயே போங்கள், காரையின் செம்மண் ஓடைகளில் நிழலே இல்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தில் அதற்கு ஈடான இடம் வேறில்லை என்பேன்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நீந்திய, ஓடுள்ள கடலுயிரான அம்மோனைட்டை எல்லோரும் சுருளை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். சுருள் ஏமாற்றும். ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைக்கும் டர்ரிலைட்டிஸ் கோபுர நத்தை போலத் திருகி நிற்கிறது. அரியலூர்ப் பக்கத்து பாகுலைட்டிஸ் நேரான குச்சி. இரண்டும் அம்மோனைட்டே. ஓட்டுக்குள் இருந்த அறைத் தடுப்புகள் ஓட்டின் சுவரைத் தொட்ட கோடுதான் சாட்சி: இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸில் அது எளிய வளைவு, இவற்றில் கொத்தமல்லித் தழையின் ஓரம்போலப் பிரிந்து பிரிந்து போகும். அறைகளைக் கோத்த குழாயும் நாட்டிலஸில் தடுப்புகளின் நடுவே ஓடும், அம்மோனைட்டில் வெளி விளிம்பையொட்டி. அம்மோனைட்டுகளுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் தென்னிந்திய அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், வருணன், பிரம்மா, விஷ்ணு என்று பெயர் சூட்டியபோது எல்லாம் ‘அம்மோனைட்ஸ்’ என்ற ஒரே பேரினத்தில் அடங்கின. 1895 முதல் புவியியலாளர் காஸ்மாட் அவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார். பிரம்மாவும் விஷ்ணுவும் பிரம்மைட்டிஸ் ஆனார்கள்.

ஓடு மூடியிருந்தால் கோடு தெரியாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஓடு உதிர்ந்த உள்வார்ப்பில்தான் அது தெரியும். அதனால் பளபளக்கும் முழு ஓட்டைவிடத் தேய்ந்த துண்டுக்கு மதிப்பு அதிகம். அப்படியானால் மேல்வரிகளும் முண்டுகளும் வெளி விளிம்பும் வெறும் அலங்காரமா? இல்லை. பெருங்குடும்பத்தைக் கோடு சொல்லும், இனத்தைச் சொல்ல இவை வேண்டும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கோடு, பிறகு வரி, கடைசியில் சுருள். இதைப் பழக, முந்தைய நாளே அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டுக் காரைக்கு வருவது நல்லது.

உள்ளூர்ச் சாளக்கிராமம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான், ஆனால் அது நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். காரையில் எதையும் பெயர்க்கவும் வேண்டாம்: எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத அம்மோனைட்டால் அடுக்கின் காலத்தைக் கணிக்க முடியாது. சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம், அதே வட்டாரம்தான். நேரம் மிஞ்சினால் மட்டும்.