கப்பலேறும் முன்

சென்னையில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் உட்கார்ந்துவிட்டு அந்தமானின் நீல் தீவுக்கு வந்தவன் நான். 2018-ல் அதற்கு ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். என் வாயில் இன்னும் நீல்தான் வருகிறது. "வேலையை விட்டுட்டு அங்கேயே வந்துடட்டுமா ஐயா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவை.

1. ராஜினாமா கொடுக்கும் முன் ஒரு மாதம் லீவு போட்டு வந்து பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வேண்டாம். ஜூன், ஜூலையில் வாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது. தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அப்போதும் ஊர் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

2. சென்னையிலிருந்து கப்பலில் வாருங்கள். விமானம் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இறக்கிவிடும். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். ஊர் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் உடம்புக்கு உறைக்கும். என் அப்பா தவறிய சேதி வந்தபோது இரண்டு நாளாக இங்கிருந்து போர்ட் பிளேருக்குப் படகு ஓடவில்லை. ஜெட்டியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களிடமே பேசிவிட்டு வாருங்கள்.

3. இந்தி பேசப் பழகுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் காதில் விழும். நீலில் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்; அவர்களோடு பேச இந்திதான் கைகொடுக்கும்.

4. நிலம் வாங்கும் எண்ணத்தோடு வராதீர்கள். வாடகைக்கு இருங்கள். ஒன்றரை வருடச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். மீனும் தேங்காயும் காய்கறியும் இங்கேயே கிடைக்கும். மற்றதில் முக்கால்வாசி கப்பலில் வரவேண்டும்.

5. ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியே போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. நமக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே இது அவர்கள் மண்.

6. சாயங்காலத்துக்கு ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கடிகாரம் இங்கேயும் இந்திய நேரம்தான் காட்டுகிறது, ஆனால் டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு நீண்டு கிடக்கும் இருட்டில்தான் ஆபீஸ் திரும்பி வரும்: மேனேஜர் சொன்ன சொல், கிடைக்காத பிரமோஷன், நாம் திருப்பிச் சொல்லாத பதில். முதல் வருடம் முழுக்க மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கிழிந்த வலையையும் நூல் ஊசியையும் என் மடியில் போட்டார். கண்ணியின் அளவு கொஞ்சம் தப்பினாலும் முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். அந்த ஒரு கிழிசலை அடைக்க எனக்குப் பதினோரு சாயங்காலம் பிடித்தது.