அறிமுகமும் நாணயமும்

முன்னுரை

“ஆளைத் தெரிந்தால் காரியம் ஆகும்” என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இச்சொல்லில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு. ஆளைத் தெரிவது எப்படி, தெரிந்த ஆள் நம்மைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது எதனால், அவ்வாறு சொல்லப்பட்ட நற்பெயர் நிலைப்பது எவ்வாறு என்ற வினாக்களுக்கு அது விடை தருவதில்லை. வணிகத் தொடர்பையும் பரிந்துரையையும் பற்றிய இவ்வினாக்களை, நமக்கு அண்மையிலுள்ள திருப்பாலைவனம், பழவேற்காட்டுப் பகுதியின் மீன் வணிகத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கூடையின் பாடம்

திருப்பாலைவனத்தில் எங்கள் தெருவுக்குப் பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டு வரும் ஓர் அம்மையாரை நான் சிறு வயது முதல் அறிவேன். ஒரு நாள் என் தாயார் இறால் கேட்டார். “இன்னைக்கு எறா வேணாம்மா, நேத்து ஐஸ்ல கிடந்தது. கெளுத்தி நல்லா இருக்கு, வேணும்னா எடுத்துக்கோ” என்றார் அவர். கூடையில் இறால் இருந்தது. வாங்கவும் ஆள் இருந்தது. விற்றிருந்தால் அன்றைக்கு லாபம்தான். ஆனால் அவர் விற்கவில்லை.

அடுத்த மாதம் பொன்னேரியில் என் மாமா வீட்டில் விருந்து. “மீனுக்கு எங்கள் ஆயாவிடம் சொல்லிவிடு, ஏமாற்ற மாட்டார்” என்று என் தாயார் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லால் அத்தெருவில் அவருக்கு மூன்று வீடுகள் வாடிக்கையாயின. அன்று விற்காத இறாலின் விலை அவருக்கு வேறு வழியில் பன்மடங்காகத் திரும்பி வந்தது.

பரிந்துரை என்பது யாது?

மீனின் தரத்தை வாங்குபவர் எளிதில் அறிய முடியாது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், விரலால் அழுத்திப் பார்க்கலாம். எனினும் விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாது. இத்தகைய இடத்தில் மூன்றாமவர் ஒருவரின் சொல் பெருமதிப்புப் பெறுகிறது. அவ்வாறு சொல்பவர் தம் பெயரையே பிணையாக வைக்கிறார். மீன் கெட்டிருந்தால் பழி ஆயாவுக்கு மட்டுமன்று, என் தாயாருக்கும் உண்டு. ஆகவே பரிந்துரை என்பது பிறருடைய நாணயத்தை நாம் கடனாகப் பெறுவதே எனலாம். கடனைத் திருப்பித் தரத் தகுதி உள்ளவனே கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் நெறி.

வரலாறு கூறுவது

இந்நெறி இம்மண்ணுக்குப் புதிதன்று. டச்சுக்காரர் 1610-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் பண்டகசாலை நிறுவினர். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. இங்குள்ள துணியை வாங்கித் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பி, ஆங்கே வாசனைப் பொருள்களைப் பெறுவது அவர்கள் வாணிகம். கப்பலும் பணமும் அவர்களிடம் இருந்தன. ஆனால் மொழி தெரியாது, நெசவாளரைத் தெரியாது, அரசவையில் பேச ஆளில்லை. அக்குறையை நிறைத்தவர்கள் உள்ளூர் வணிகர்கள். அவர்களுள் மலாயா என்று டச்சுக் குறிப்புகளில் வழங்கப்படும் அச்சுதப்ப செட்டியும், அவருக்குப் பின் அவர் தம்பி சின்னண்ண செட்டியும் பெயர் பெற்றவர்கள். நெசவாளர் ஒருபுறம், அயல்நாட்டார் மறுபுறம், ஆட்சியாளர் இன்னொருபுறம் என ஒன்றையொன்று அறியாத கூட்டங்களுக்கு நடுவே நின்றதே அவர்களுடைய முதல் எனலாம்.

நெருங்கிய உறவும் தொலைவு அறிமுகமும்

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில், உரிமையுள்ள மீனவர்கள் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவது என்று முறை வைத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே போய்ச் சேராமல் காப்பது இம்முறை. ஊர்க்கட்டுப்பாடும் உறவும் இல்லையேல் இது ஒரு நாளும் நடவாது. உரிமையற்ற பிறர் இம்முறைக்கு வெளியே நிற்க நேர்வது அதன் குறை.

ஆனால் பிடிப்பதற்கு உதவும் இவ்வுறவு விற்பதற்கு அதே அளவு உதவுவதில்லை. ஏன்? நம் உறவினர்க்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. ஒரே நாளில் எல்லோர்க்கும் இறால் மிகுந்தால், எல்லோரும் ஒரே வியாபாரியிடம் செல்வர், விலை வீழும்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இக்கருத்தை விளக்கினார். அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் ஆராய்ந்தபோது, அடிக்கடி சந்திப்பவரால் வேலை பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. எப்போதாவது சந்திப்பவரால் பெற்றோர் 56 பேர். அரிதாகச் சந்திப்பவரால் பெற்றோர் 28 பேர். புதிய செய்தி தொலைவிலிருந்தே வருகிறது என்பது இதன் பொருள்.

வடகரையில் நடந்தது

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் தம் மீனை வாங்க ஆளின்றித் திகைத்தனர். அதே வேளையில் 15 கிலோமீட்டர் எல்லைக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர்! பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இதனைக் குறிப்பிடுகிறார். கைப்பேசி வந்தபின் மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டறிந்து கரை தேர்ந்தனர். மீனவர் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. நல்ல தொடர்பால் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதுவே இவ்வாய்வின் சிறப்பு.

தொடர்பும் தளையும்

எனினும் ஓர் ஐயம் எழலாம். வலைக்கும் படகுக்கும் முன்பணம் தந்த வியாபாரியிடமே மீனைத் தர வேண்டிய நிலையில் உள்ளவருக்குப் பத்துப் பேரின் எண் தெரிந்து என்ன பயன்? அவசரத்துக்கு உதவும் அவ்வியாபாரியின் தொடர்பும் தொடர்புதான். ஆனால் விலை பேசும் உரிமையை அது எடுத்துக்கொள்ளும்போது உறவு தளையாகிவிடுகிறது. விட்டு விலக முடிகிறதா என்பதே இரண்டையும் வேறுபடுத்தும் உரைகல்.

இத்தளையை அவிழ்க்கத் தனி ஒருவரால் இயலாது, கூடினால் இயலும். 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சான்று. அதன் ஊர்ச் சங்கங்கள் உறுப்பினரின் மீனைத் தாமே ஏலத்தில் விற்று, விற்றதில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் கடனுக்கும் பிடித்துக்கொள்கின்றன. கடன் தருபவரும் மீன் வாங்குபவரும் வேறு வேறாகும்போது மீனவர் நிமிர்ந்து விலை பேச முடிகிறது.

நாம் கொள்ள வேண்டியவை

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம்.

1. கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும். சரியான செய்தியைச் சொல்வதும் கொடையே.

2. உறவினரோடு நின்றுவிடாமல், வேறு ஊர், வேறு தொழில் சார்ந்தவரையும் அறிந்துகொள்ள வேண்டும்.

3. பரிந்துரை கேட்கும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். “யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்பதைவிட, “உங்கள் தெருவில் வாரந்தோறும் நண்டு வாங்கும் வீடு உண்டா?” என்பது பயன் தரும்.

4. நம்மை அறிமுகம் செய்தவரிடம் பின்னர் நடந்ததைச் சொல்லி நன்றி கூற வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

5. தவறு நேர்ந்தால் மறைக்காமல் முதலில் நாமே சொல்லி, ஈடு செய்ய வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே! நம்முள் பலருக்குப் பெரிய மனிதர் எவரையும் தெரியாது. தந்தையார் வலை இழுப்பார். தாயார் கூடை சுமப்பார். பட்டம் பெற்று வெளியே செல்லும்போது, “எனக்கு யாரைத் தெரியும்?” என்ற கலக்கம் எழுவது இயல்பே. எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த ஆயாவுக்கு யாரைத் தெரியும்? ஒரு கூடையும் ஒரு சொல்லும்தான் அவருடைய முதல். இன்றைக்கு விற்கக் கூடாததை இன்றைக்கு விற்காத துணிவு அவரிடம் இருந்தது. தெருவொன்று மூன்று வீடாக வளர்ந்தது அத்துணிவினால். நம் வகுப்பறையில் அருகில் அமர்ந்திருப்பவரும், ரயிலில் நாள்தோறும் எதிரில் வருபவரும் நாளை நம் பெயரை எங்கோ ஓரிடத்தில் சொல்லக் கூடியவர்களே. அவர்கள் தயங்காமல் சொல்லும்படி இன்று நடந்துகொள்வோமாக.