இரத்தத்தில் இளம் அணுக்களா?



முற்றாத பால்மரக் கன்றை நாம் வெட்டுவதில்லை. உடம்பும் அப்படித்தான். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, முற்றிய பிறகே இரத்தத்தில் இறங்குகின்றன. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உழைக்கும். நூறு சிவப்பணுக்களில் ஒன்றிரண்டு இளசாக இருப்பது இயற்கையே.

அதற்கு மேல் இளம் அணுக்கள் இருப்பதாகச் சீட்டில் எழுதியிருந்தால், "போச்சு, புத்துநோய்தான்!" என்று பதறாதீர்கள். காரணங்கள் பல. இரத்தம் அதிகம் போனாலும், தலசீமியா போன்ற நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தாலும், ஈடுகட்ட மஜ்ஜை அவசரமாக இளசுகளை அனுப்பும். கடுமையான கிருமித் தொற்றில் இளம் வெள்ளையணுக்கள் வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறிது வரலாம்.

ஆனால் 'பிளாஸ்ட்' என்றிருந்தால் நாள் கடத்தாதீர்கள். அது மிக இளம் அணு. இரத்தப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். விடாத காய்ச்சல், முகவெளிறல், ஈறில் இரத்தம், அடிபடாமலே தோலில் நீலம் பாய்தல் ஆகியவையும் எச்சரிக்கையே. மஜ்ஜையைச் சோதித்தால் காரணம் தெரியும். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய், காலத்தோடு முறையான சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் குணமாகிறது.

ஆகவே, சீட்டை மடிச்சுப் பெட்டியில வைக்காதீங்க. கையோடு எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க!