கண் வீக்கத்தோடு காய்ச்சலா? காத்திருக்காதீர்கள்

சளி பிடித்த குழந்தைக்குக் காய்ச்சலோடு ஒரு கண் சிவந்து வீங்கினால், சாதாரணக் கண்வலி என்று இருந்துவிடாதீர்கள். மூக்கையொட்டிய சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. சைனஸில் பெருகும் பாக்டீரியா அதைத் தாண்டிக் கண்ணுக்குப் பின்னால் பரவிவிடும்.

இமையை மெல்ல விலக்கி விழியைப் பாருங்கள். விழி முன்தள்ளியிருந்தாலோ, அசைத்தால் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, இரவென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இமையைத் திறக்கவே முடியாவிட்டாலும் அதே அவசரம்தான். ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். சீழ் கட்டியிருந்தால் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். இமை மட்டும் வீங்கியிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுர்மாவோ, தாய்ப்பாலோ, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டுமருந்தோ அந்த ஆழத்துக்கு எட்டாது. தாமதித்தால் பார்வை பறிபோகும், மூளைக்கும் பரவலாம்.