பரணில் தூங்கும் வால்வு பக்கத்து ஊரில் பாடட்டும்

கூடலூரிலிருந்து தேனி வரை எந்த ஊரில் பழைய வீட்டுப் பரணை ஒதுக்கினாலும் வால்வு ரேடியோ ஒன்று அகப்பட வாய்ப்பு உண்டு. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியும் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பெட்டிகள் வழியாகத்தான். இப்போது அதே வால்வுகளைத் தேடி வேறொரு கூட்டம் அலைகிறது. ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்றே சிறிய வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இவர்கள். ஒரு வால்வைக் கழற்றி இன்னொன்றைப் போட்டால் ஒலியின் நிறம் மாறும். அந்த ருசி பிடித்துவிட்டால் விடாது. ஆனால் எல்லாவற்றையும் ஒருவரே விலை கொடுத்து வாங்கிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. கைமாற்றிக்கொண்டால்தான் முடியும். மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்குமான குறிப்புகள் இவை.

1. முதலில் உயிர். பல வால்வு ஆம்ப்களுக்குள் 100 முதல் 300 வோல்ட் வரை டிசி மின்சாரம் இருக்கிறது. அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஹெட்போனைக் கழற்றி, ஆம்ப்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். மேலிருந்து வால்வைக் கழற்றி மாட்டுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. அடித்தட்டைத் திறப்பது விவரம் தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

2. சூட்டோடு துணி சுற்றிப் பிடுங்க வேண்டாம், ஆறட்டும். ஒன்பது பின் உள்ள சின்ன வால்வை லேசாக அசைத்துக்கொண்டே நேராக மேலே இழுங்கள். ஒரே பக்கமாகச் சாய்த்தால் பின் வளையும்; பின் முளைக்கும் இடத்தில் கண்ணாடி கீறல் விடும். 6எஸ்என்7 போன்ற எட்டுப் பின் வால்வுகளுக்கு அடியில் ஒரு கறுப்புப் பகுதி இருக்கும். பிடிப்பது அதை மட்டும்தான். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் ஒட்டு விட்டுப்போகும். நடுத்தண்டில் இருக்கும் சிறிய மேடு சாக்கெட்டின் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகே அழுத்த வேண்டும். அந்தத் தண்டு உடைந்த வால்வை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். தப்பான திசையிலும் அது சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும்.

3. வால்வின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஐரோப்பிய வால்வுகளில் முதலெழுத்து ‘ஈ’ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். ‘யு’ என்றால் 100 மில்லி ஆம்பியர், ‘பி’ என்றால் 300 மில்லி ஆம்பியர். இந்த இரண்டு வகையையும் சீரியல் விளக்கு போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். அடுத்து வரும் எழுத்துகளில் ‘சி’ ட்ரையோடு, ‘எல்’ பவர் வால்வு, ‘இசட்’ ரெக்டிஃபயர், ‘எம்’ ஸ்டேஷன் பிடிக்கும்போது சுருங்கி விரியும் அந்தப் பச்சைக் கண். ஈசிசி என்று ‘சி’ இரண்டு முறை வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு என்று பொருள். இரண்டு இலக்க எண் 8இல் தொடங்கினால் ஒன்பது பின், 9இல் தொடங்கினால் ஏழு பின், 3இல் தொடங்கினால் எட்டுப் பின். அமெரிக்கப் பெயர்களில் முதலில் வரும் எண்ணே ஹீட்டர் வோல்ட்டைத் தோராயமாகச் சொல்லிவிடும்.

4. பெயர் வேறாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்கும் இணைகள் உண்டு. ஈசிசி83தான் 12ஏஎக்ஸ்7. ஈசிசி82தான் 12ஏயு7. ஈசிசி81தான் 12ஏடி7. ஈசிசி88தான் 6டிஜே8. இதைத் தெரிந்து வைத்திருந்தால் பழைய சாமான் கடையில் யாரும் கண்டுகொள்ளாத டப்பாவிலிருந்து நல்ல வால்வைப் பொறுக்கி எடுக்கலாம்.

5. வால்வும் ஆம்ப்பும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். சாக்கெட்டில் நுழைகிறது என்பதற்காக ஒரு வால்வு பொருந்திவிடாது. ஈசிசி82ம் ஈசிசி88ம் பார்க்க ஒரே அளவு, இரண்டுக்கும் ஒன்பது பின். ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டக் கூடாது.

அடுத்தது ஹீட்டர் இழுக்கும் மின்சாரம். 6டிஜே8 இழுப்பது 365 மில்லி ஆம்பியர். அதற்குப் பதிலாகப் பலர் போடும் ரஷ்ய 6என்1பி 600 மில்லி ஆம்பியர் இழுக்கும். பின் அமைப்பு ஒத்துப்போகும், ஆனால் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பது வேறு கேள்வி. அந்த ஆம்ப்பின் கையேட்டில் இன்ன வால்வு போடலாம் என்று இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அதே ஆம்ப் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். 6ஏஎஸ்7 போன்ற பவர் வால்வு தனியாகவே 2.5 ஆம்பியர் கேட்கும். அங்கே ஊகத்துக்கே இடமில்லை.

6. புது வால்வு மாட்டிய முதல் ஐந்து நிமிடம் ஆம்ப்பை விட்டு நகராதீர்கள், ஹெட்போனையும் காதில் மாட்டாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் இழை மின்னினால் சரி. சில வால்வுகள் சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அடங்கும், அதுவும் சரி. பவர் வால்வின் கண்ணாடியில் லேசான நீல ஒளி படர்ந்தாலும் பயமில்லை. உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவந்தால் உடனே அணையுங்கள். ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தால் வால்வும் போகும், டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

7. வால்வு நல்லதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி: கண்ணாடியின் உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு திட்டு இருக்கும். மிச்சக் காற்றை உறிஞ்சுவதற்காக உள்ளே படியவைத்த பேரியம் அது. பளபளவென்றோ கரும்பழுப்பாகவோ இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, கதை முடிந்தது. கீறல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தத் திட்டு பொய் சொல்லாது.

8. பழைய வால்வின் மேல் இருக்கும் எழுத்தைத் துடைத்துவிடாதீர்கள். ஈரத்துணி பட்டாலே போய்விடும் அச்சு நிறைய உண்டு. பெயர் போன வால்வைக் கைமாற்றினால் வாங்குகிறவருக்கு அது என்ன ரகம் என்றே தெரியாது. எழுத்து இல்லாத பக்கத்தை மட்டும் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், மற்ற இடத்துக்கு மெல்லிய பிரஷ் போதும்.

9. பின்கள் கறுத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சின்னப் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஆகாது. அதன் தூள் சாக்கெட்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். விபூதி, புளி, கை கழுவும் சானிடைசர் எதுவும் வேண்டாம். பாட்டுக்கு நடுவே சடசடப்பு வந்தால் வால்வைக் குறை சொல்வதற்கு முன் இந்த வேலையைச் செய்து பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகும்.

10. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று நம் பக்கத்து வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதி தெரிந்ததுதான். ஆம்ப் ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள், சூட்டோடு மூடாதீர்கள். காலிச் சாக்கெட்டுகளில் எறும்பும் பல்லியும் குடியேறும். வால்வைக் கழற்றி வைக்கிற நாளில் காகிதம் போட்டு அடையுங்கள். பூச்சிக்குப் பயந்து பழைய ரேடியோவுக்குள் அந்துருண்டை போட வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக் குமிழ்கள் அதன் ஆவியில் இளகிவிடும்.

11. தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதும், அவை நின்றதும் ஏறுவதும் கிராமத்து லைன்களில் சகஜம். வால்வு ஆம்ப்புக்கு ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடேறும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோக்களின் பின்புறம் 110, 220, 245 என்று வோல்டேஜ் மாற்றும் அமைப்பு இருக்கும். இருப்பதிலேயே உயர்ந்த எண்ணில் வைப்பது வால்வுக்கு ஆயுள்.

12. பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். காகிதக் கண்டன்சர்கள் ஒழுக ஆரம்பித்திருக்கும். ஒன்று ஒழுகினாலே பவர் வால்வு எரிந்துபோகும். 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து மெக்கானிக் முதலில் சோதிக்கட்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. யுசிஎல்82, யுஎல்41 என்று ‘யு’ வரிசை வால்வு போட்ட பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தில் நேரடியாக மின்சாரம் இருக்க வாய்ப்பு அதிகம். குமிழ் கழன்ற பெட்டியின் தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

13. ஓடுகிற ரேடியோவிலிருந்து வால்வைப் பிடுங்கி ஹெட்போன் ஆம்ப்புக்குக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு ரேடியோ முழுதாகப் பாடுவது, ஒருவர் காதில் ஒலி சற்று இனிப்பதைவிடப் பெரிது. செத்த பெட்டியானால் பிரித்துக் கொடுங்கள். ஈசிசி83, ஈஎல்84 போன்றவை ஆம்ப்காரர்களுக்கு உதவும். ஈசிஎச்81, ஈபிஎஃப்89 வகையறா அவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது. அவற்றைப் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் யாரிடமாவது சேர்த்துவிடுங்கள். அவர் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட வால்வு கிடைத்தால் மட்டமென்று ஒதுக்காதீர்கள். 1960களிலிருந்து நம் நாட்டிலேயே செய்த அந்த வால்வுகளை வெளிநாட்டுக்காரர்களும் விரும்பித் தேடுகிறார்கள்.

14. இரண்டு வால்வுகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். ஈசிசி83இன் பெருக்கம் 100, ஈசிசி81க்கு 60, ஈசிசி82க்கு ஏறக்குறைய 20. கூடுதலாகக் கத்துவது எப்போதும் நல்லதாகவே காதுக்குப் படும். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைப் போடுங்கள். எனக்கு வழக்கமானது நம் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா 1986இல் தந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு. வயலின் வில் கம்பியில் உரசும் அந்தச் சொரசொரப்பு, அடியில் நடக்கும் பாஸ் கிடார், இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். வயலின் மட்டும் முன்னால் வந்து பாஸ் கரைந்துபோனால் அந்த வால்வு உங்கள் ஹெட்போனுக்கு ஒத்துவரவில்லை. புது வால்வை ஒரு நாள் முழுக்க ஓடவிட்ட பிறகே முடிவு சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக ஹெட்போனை ஓட்டும் வகை ஆம்ப்புக்கு 300 ஓம் ஹெட்போன் பொருந்தும். 32 ஓம் ஹெட்போனை மாட்டிவிட்டு வால்வைத் திட்டிப் பயனில்லை.

15. கொடுப்பதற்கு நம் ஊரில் முன்மாதிரி உண்டு. வால்வு ஆம்ப் வைத்து மைக் செட் ஓட்டிய பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சமயத்தில் எல்லா செட்டும் வெளியே போயிருக்கும். ஒருவருடைய பவர் வால்வு நடு இரவில் போய்விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த மைக் செட்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவாராம். தொழிலில் போட்டிக்காரர்தான். ஆனாலும் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, துணியில் சுற்றிய வால்வை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். வாடகை பேசியதில்லை. திருவிழா முடிந்ததும் அதே வால்வோ, அதைவிட நல்லதோ திரும்பி வந்துவிடும்.

16. இரவல் வால்வோடு ஒரு சீட்டு போகட்டும். வால்வின் பெயர், கம்பெனி, எந்த ஆம்ப்பில் எத்தனை காலம் ஓடியது, இரைச்சல் உண்டா, தட்டினால் ஒலிக்கிறதா, எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும். பென்சில் முனையால் லேசாகத் தட்டும்போது ஹெட்போனில் ‘டிங்’ என்று மணியடித்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வாங்கியவர் தாம் கேட்டதை அதே சீட்டில் இரண்டு வரி எழுதித் திருப்பட்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரே பெட்டியில் ஆளுக்கு ஒரு ஜோடி போட்டுச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடி என்று ஆளுக்கு இரண்டு வாரம் சுற்றவிடலாம். வைத்திருக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பெட்டி கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். வசதி குறைந்த மாணவர் யாராவது இதில் இருந்தால் அவரிடம் முன்பணம் கேட்காதீர்கள்.

17. பார்சல் கட்ட நம் பக்கத்திலேயே அருமையான பொருள் இருக்கிறது: போடியின் இலவம்பஞ்சு. வால்வின் பின்களைச் சிறு தெர்மாகோல் துண்டில் குத்தி, வால்வைக் காகிதத்தில் சுற்றி, அதன் பிறகு பஞ்சில் புதையுங்கள். பஞ்சு நேராகப் பின்னில் ஒட்டக் கூடாது. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையாமல் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதை ஊருக்கு அனுப்ப ஆள் தேடுகிறவர்களுக்கு, 2023 ஜூனில் போடிக்கு ரயில் வந்ததிலிருந்து வசதி; தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பும் வால்வு மடிமேல் வைத்தபடி பத்திரமாக வந்து சேரும்.

18. செத்த வால்வையும் உடனே எறியாதீர்கள். பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் ஒன்று கொடுங்கள். கேத்தோடு, கிரிட், தகடு மூன்றையும் கண்ணாடி வழியாகவே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். விரிசல் விட்டதானால் வேண்டாம். அதைச் செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.