நழுவும் கிளட்ச்: குறையறிதலும் சீர்செய்தலும்

கிராமப் பணியில் ஈடுபட்டோர் பலருக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத ஊர்தியாகும். சுமையுடன் மேட்டுப் பாதையில் ஏறுங்கால், எஞ்சின் உரத்து முழங்கியும் வண்டி வேகங் கொள்ளாது தவிக்குமாயின், கிளட்ச் நழுவுகிறதென ஐயுறலாம். இதனைக் காலத்தே கவனியாவிடின், ஒரு திருகைத் திருப்பித் தீர்க்கக்கூடிய குறை பெருஞ்செலவில் முடியும். ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுவிடவுங் கூடும்.

அமைப்பு

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உள்ளது எண்ணெயில் நனைந்த பல்தட்டுக் கிளட்ச் ஆகும். எஞ்சினோடு சுழலும் உராய்வுத் தட்டுகளும், கியர்ப் பெட்டியோடு இணைந்த எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. சுருள்விற்கள் இவ்வடுக்கை நெருக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் இந்நெருக்கம் நீங்கும்.

கிளட்ச் தாங்கவல்ல முறுக்குவிசையைக் காண, உராய்வுப் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்துவிசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். இவை முறையே 8, 0.12, 1,000 நியூட்டன், 0.05 மீட்டர் எனக் கொள்வோம். விடை 48 நியூட்டன்-மீட்டர். கிளட்சுக்கு வரும் மிகுதியான முறுக்குவிசை 40 எனில் நழுவல் இராது. அழுத்துவிசை 750 நியூட்டனாகக் குறைந்தால் விடை 36 ஆகிவிடும், கிளட்ச் நழுவும். அப்போது தட்டுகளின் வேக வேறுபாடு நிமிடத்திற்கு 300 சுற்றுகளாயின், சுமார் 1,100 வாட் வெப்பம் தோன்றும். இது மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றின் வெப்பத்திற்கு நிகராகும். தட்டுகள் கருகுவது இதனாலேயே.

அறியும் முறை

போக்குவரத்தற்ற சமதளப் பாதையில், மேல் கியரில், மிதமான வேகத்திற் செல்லும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டெனத் திருக வேண்டும். எஞ்சின் ஒலி மட்டும் உயர்ந்து, வண்டியின் வேகம் உடன் உயராவிடின் குறை உறுதியாகும். இச்சோதனையை நீட்டித்தல் கூடாது.

காரணங்களும் பரிகாரமும்

எளியதினின்றும் தொடங்குதல் நன்று.

1. கேபிள்: பணிமனைகளில் 'பிளே' எனப்படும் தளர்வு சிறிதேனும் இருத்தல் வேண்டும். இல்லையேல் சுருள்விற்களின் விசையில் ஒரு பகுதியைக் கேபிளே ஏற்றுக்கொள்ளும். தட்டுகளுக்கு எஞ்சுவது குறையும். பல வண்டிகளில் கைப்பிடி முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு வைப்பர். வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. தட்டுகள் தேயத் தேயத் தளர்வு குறையுமாதலால் அடிக்கடி சோதிக்க வேண்டும். தளர்வு மிகுந்தாலோ கிளட்ச் முற்றும் விடுபடாது. கியர் மாற்றுவது கடினமாகும்.

2. எண்ணெய்: மோட்டார்க் கார்களுக்குரிய எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்துள்ளன. அவை இவ்வகைக் கிளட்சுக்கு ஆகா. 'ஜாசோ எம்ஏ' என்னும் தரக்குறியுள்ள எண்ணெயே ஏற்றது. 'எம்பி' என்னும் குறி உராய்வு குறைந்த எண்ணெயைக் குறிக்கும்.

3. தட்டுகளும் சுருள்விற்களும்: மேற்கூறியவை சரியாயிருந்தும் நழுவினால் மட்டுமே உறையைத் திறக்க வேண்டும். உராய்வுத் தட்டின் தடிப்பையும், சுருள்வில்லின் தனி நீளத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து கையேட்டுடன் ஒப்பிடுக. நீலம் பாய்ந்த எஃகுத் தட்டு மிகுவெப்பத்திற்குச் சான்று. அது வளைந்துள்ளதா எனக் கண்ணாடிப் பலகைமீது வைத்துப் பார்க்கலாம். சுருள்விற்களை முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும். புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்துதல் முறை. பழைய தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலின், அவற்றின் தூளை ஊதலாகாது.

காரணம் அறியாது வலிய சுருள்விற்களைப் பொருத்துவது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

ஆசிரியர்களுக்கு

மெல்லிய நோட்டுகளினிடையே மூன்று தாள்களை இடைவிட்டு வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றுக. நோட்டுகளை ஒரு கையாற் பிடித்து, முதலில் ஒரு தாளையும், பின்னர் மூன்றையும் ஒருங்கே இழுக்கச் செய்க. பரப்புகள் பெருகினால் பிடிப்பும் பெருகும் என்பதை மாணவர் கையாலேயே உணர்வர்.

வினாக்கள்

1. மேற்கண்ட கணக்கில் உராய்வுக் குணகம் 0.09 ஆகக் குறைந்தால் கிளட்ச் நழுவுமா?
2. கேபிளை முதலிற் சோதிப்பது ஏன்?