படப்பில் கிடந்தது சாரை

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனபோது படப்புக்குள்ளிருந்து ஆறடிப் பாம்பு ஒன்று வெளியே வந்ததையும், தெருவே திரண்டு அதை அடித்துப் போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். ‘அது விஷப் பாம்புதானா?’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். ‘ஜோடி தேடிக்கொண்டு வருமா?’ என்று உங்கள் அத்தை கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மஞ்சள் ஓடிய பழுப்பு நிறம், பெரிய கண், உதட்டோரம் மை தீட்டியதுபோல் குறுக்குக் கறுப்புக் கோடுகள், நீண்டு மெலிந்த வால் என்று நீங்கள் சொல்லும் அடையாளம் அத்தனையும் சாரைக்கு உரியவை. சாரைக்குப் பல்லிலும் விஷமில்லை, வாலிலும் விஷமில்லை. பாம்புகள் ஜோடியாகக் குடித்தனம் நடத்துவதும் இல்லை. இணைசேர்ந்த பிறகு அதது தன் வழியைப் பார்த்துப் போய்விடும். அத்தை நிம்மதியாகத் தூங்கலாம்.

சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பார்த்தவர்கள் வேட்டியையோ துண்டையோ மேலே போட்டு எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பிணையலில் நல்லபாம்பே கிடையாது. பெரும்பாலும் இருப்பவை இரண்டு ஆண் சாரைகள். முன்னுடம்பை முறுக்கிக்கொண்டு எழும்பி, ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அமுக்கப் பார்க்கும். கடிப்பதில்லை. தோற்றது விலகி ஓடிவிடும். சாரை பசுவின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்பதும் இப்படி ஒரு கதைதான். மடியில் வாய் வைத்து உறிஞ்சும் அமைப்பு எந்தப் பாம்புக்கும் இல்லை. பின்னோக்கி வளைந்த ஊசிப் பற்கள் காம்பில் பட்டால் மாடு சும்மா நிற்குமா? தொழுவத்துக்கு அது வருவது எலிக்காகத்தான்.

பூனையும் ஆந்தையும் எலியை வெளியே வைத்துத்தான் பிடிக்க முடியும். சாரை வளைக்குள்ளேயே போகும். வரப்பு வளையில் எலிகள் கதிரைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே குட்டிகளோடு கூடிய குடும்பத்தையே சாரை தீர்த்துவிடும். கொல்ல அதற்கு விஷமில்லை. மலைப்பாம்பைப்போல் சுற்றி நெரிக்கும் வழக்கமும் இல்லை. கவ்வியதை உடம்பால் தரையோடு அமுக்கிப் பிடித்து, பெரும்பாலும் உயிரோடேயே விழுங்கும். குளத்தங்கரையில் தவளை, ஓணான், பறவைக் குஞ்சு, முட்டை என்று எது கிடைத்தாலும் விடாது. நீந்தும், மரமும் ஏறும். ஓடவழி இல்லாமல் மடக்கினால் கழுத்தை உப்பவைத்து உறுமுவதுபோல் ஒரு சத்தம் கொடுக்கும். அந்த நேரத்தில் படமெடுப்பதாகத் தோன்றும், கம்பும் ஓங்கிவிடும்.

உங்கள் ஊர் நாக அரசர்களான சங்கனும் பதுமனும் வழிபட்ட ஊர். சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, பாம்பும் தேளும் அண்டாமலிருக்க அவற்றின் வெள்ளி உருவங்களை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். நியாயமான பயம்தான். 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள். ஆனால் அந்தப் பயம் ஆள் மாறிப் பாய்கிறது. சாரை பகலில் இரை தேடுவது, உருவத்தில் பெரியது. அதனால் கண்ணில் படுகிறது, அடிபடுகிறது. உண்மையிலேயே ஆளைக் கொல்லும் கட்டுவிரியன் இரவில் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போகிறது. பல சமயம் கடித்த தடமே தெரிவதில்லை.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் நாட்டில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதும் இவற்றிலிருந்துதான். அந்த விஷத்தை வைத்தே முறிமருந்து தயாராகிறது. ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகச் சாரையையும் பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. இன்று சங்கத்தில் சாரைக்கு வேலையில்லை; எடுக்க விஷம் இருந்தால்தானே! அதே சட்டப்படி சாரையைக் கொல்வதும் குற்றம் என்பதைத் தெருவில் சொல்லி வையுங்கள்.

சாரை இருக்கும் இடத்துக்கு நல்லபாம்பு வராது என்று சிலர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். எலி இருந்தால் இரண்டும் வரும். ஆகவே படப்பைத் தொழுவத்தை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடுங்கள். தவிடு, தீவன மூட்டைகளைத் தரையில் வைக்காதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். கட்டிலில், கொசுவலைக்குள் படுங்கள். வைக்கோல் உருவும் முன் கம்பால் தட்டுங்கள். உள்ளே சாரை இருந்தால் அதுவே ஓடிவிடும். ஓடாமல் கிடப்பது எதுவானாலும் எட்ட நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்கள். உதட்டுக் கோட்டைப் பார்க்கிறேன் என்று யாரும் குனிய வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால், அது சாரையா நல்லபாம்பா என்று திண்ணையில் பஞ்சாயத்து வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை படப்பிலிருந்து ஒரு சாரை வந்தால் அதற்கு வழி விடும்படி அத்தையிடமும் சொல்லுங்கள். இந்த வருஷம் உளுந்து மூட்டையில் எலி வைத்த ஓட்டைகளை எண்ணிக் காட்டினாலே அவருக்குப் புரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்